வருகைப் பதிவேட்டில் ஜெயந்தி

"அம்மா, இது உங்க கையெழுத்து இல்லியே" என்றார் செக்யூரிட்டி.

பினாங்கிலிருந்து வந்து முழுதாக ஒரு நாள் ஆகவில்லை. வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில், தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் நான்கு மாடி விடுதியின் கேட்டில் நின்றிருந்தேன். பதிவேட்டில் ஜெயந்தி என்று பெயர் எழுதி, முப்பது வருடமாகப் போட்டுவரும் ஆங்கிலக் கிறுக்கலைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் இப்படி ஒரு பேச்சு. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். "என் கையெழுத்து எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"கோச்சுக்காதீங்கம்மா. பழைய கையெழுத்தோட ஒத்துப் பாத்துதான் உள்ள வுடணும், அதான் ரூல்ஸ்." பதிவேட்டைப் பின்பக்கமாகப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார். ஜெயந்தி. ஊர், படப்பை. உறவு, அத்தை. போன மாதத் தேதி. கையெழுத்து தமிழில், குண்டு குண்டாக, கடைசிச் சுழியைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிட்ட கையெழுத்து. இன்னும் புரட்டினார். மறுபடியும் ஜெயந்தி. அதற்கு முந்தைய மாதம் இரண்டு தடவை.

ஊரில் ஜெயந்திகளுக்குப் பஞ்சமா? அப்படித்தான் நானும் நினைத்தேன். அதற்குள் வார்டன் ஓடி வந்து, "இவங்க மலேசியா ப்ரொபசர், அந்த நோட்டுல ஏன் எழுத வைக்கிறீங்க" என்று அவரைக் கடிந்துகொண்டு வேறொரு நோட்டை நீட்டச் சொன்னார். அதில் பெயருக்கான கட்டமே இல்லை. மலேசியா ப்ரொபசர் என்று அவரே எழுதிக்கொண்டார். விடுதிக்குள் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கு யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பவள் நான். மக்கள்தொகை ஆய்வு என்றால் தலைகளை எண்ணுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் எண்ணுவது தலைகளுக்கு நடுவில் உள்ளதை. மூன்று வட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுப்பேன். நடுவில் நீங்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் போட்டது போட்டபடி ஓடி வருபவர் உள்வட்டம். விசேஷத்துக்கு வருபவர் அடுத்தது. தெரிந்த முகம் மட்டும் என்றால் வெளிவட்டம். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே ஆயுசில் பாதி போய்விட்டது. குடும்பங்களை ஆராய்கிற நீ ஏன் குடும்பம் நடத்தவில்லை என்று சக பேராசிரியர்கள் கிண்டலடிப்பார்கள். வேலை நேரம் போக மீதி நேரமே இல்லையே என்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

இந்த விடுதிக்கு எட்டு வருடங்களுக்கு முன் ஒரு தடவை வந்து பெண்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். அதன் தொடர்ச்சிதான் இந்தப் பயணம்.

தங்க இடம் கிடைத்தது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியன் கெஸ்ட் ஹவுஸில். இந்தச் சாலை நெடுகக் கொரிய எழுத்துப் பலகைகள் இருக்கின்றன. நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில், நமக்குப் பழக்கமான இட்லி நிறத்துக் கட்டடங்கள். காலையில் சாப்பாட்டு மேசையில் கிம்ச்சி, அவர்களுடைய காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய். சமையல்காரர் பேரளத்துக்காரர். "நல்லா இருக்கா மேடம்?" என்று பின்னால் வந்து நின்றார். எங்கள் பினாங்கு அச்சார் ஊறுகாயில் சர்க்கரை போட மறந்ததுபோல் இருந்தது. நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே டீக்கடைக்கு ஓடி, ஒரு பொங்கலும் வடையும் வாங்கினேன். "நீங்க பசியாறியாச்சா?" என்று பழக்கதோஷத்தில் டீ மாஸ்டரைக் கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். "எனக்குப் பசியே இல்லம்மா" என்றார் அவர், கவலையாக.

செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் பஸ்கள் போவதைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை பஸ்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை கண்ணாடியில் சாய்ந்து தூங்குகிறது. ஒரே நிறக் கோட், ஒரே மாஸ்க், ஒரே இரட்டைச் சடை. பேச்சில்லை, பாட்டில்லை. பஸ்கள் போன பிறகு அந்த அகலச் சாலையில் ஒரு ஆளைக் காணோம். இருபுறமும் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் புல், புல்லுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத நீளக் கட்டடங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் ஒருவரும் இல்லாத இடத்தில் நிற்பதாகவே முதுகு சொன்னது. பினாங்கில் எங்கள் பாயான் லெப்பாஸ் பகுதியிலும் இப்படித் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே கேட்டுக்குக் கேட்டு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் விற்கும் அம்மாக்களின் சத்தம் காதைப் பிளக்கும்.

அன்று விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பேட்டியை ஆரம்பித்தேன். முதல் பெண் செய்யாறு பக்கம். உள்வட்டத்தில் அம்மா, தங்கை என்று எழுதினாள், மூன்றாவதாக ஜெயந்தி அத்தை என்று எழுதினாள். பேனாவை வைத்துவிட்டு ஒரு நிமிடம் அவளைப் பார்த்தேன். சொந்த அத்தையா என்றேன். "இல்ல மேடம், ஹாஸ்டல் அத்தை."

இரண்டாவது பெண் தர்மபுரி. உள்வட்டத்தில் ஜெயந்தி அத்தை. மூன்றாவது பெண் விழுப்புரம். அம்மாவுக்கு முன்னால் ஜெயந்தி அத்தை. நான்காவது பெண்ணுக்கு ஷிஃப்டே வேறு, முதல் மூவரையும் அவள் பார்த்ததே கிடையாது. இவள் தாளிலும் அதே பெயர். மதியத்துக்குள் பதினோரு தாள்கள் சேர்ந்தன. பதினோரு உள்வட்டத்திலும் என் பெயர். விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. தாள்களை மறுபடி ஒரு தடவை எண்ணினேன்.

"அத்தை என்ன செய்வாங்க?" என்று கடைசிப் பெண்ணைக் கேட்டேன்.

"எல்லாம் செய்வாங்க மேடம். எனக்கு டெங்கு வந்தப்ப ஆஸ்பத்திரில மூணு நாள் கூட இருந்தாங்க. லோக்கல் கார்டியன் அவங்கதான். இங்க எல்லாருக்கும் அவங்கதான்."

"உங்களுக்கு எப்படி அவங்களைத் தெரியும்?"

"எப்டியா? நம்பர் ரூம்லயே இருக்குல்ல" என்று அவள் என்னை மாடிக்குக் கூட்டிப்போனாள். அறைக் கதவைச் சாத்தி, அதன் பின்பக்கத்தைக் காட்டினாள்.

அங்கே நான் இருந்தேன். எட்டு வருடத்துக்கு முன் என் கையாலேயே கதவுக்குக் கதவு ஒட்டிய ஆராய்ச்சித் தகவல் தாள். மஞ்சளாகிப்போன தாளின் மேல் யாரோ அகல செலோடேப் ஒட்டிப் பாதுகாத்திருந்தார்கள். எந்த உதவிக்கும் எந்த நேரமும் அழைக்கலாம், ஜெயந்தி, அதன் கீழே ஒரு கைப்பேசி எண். வந்த இடத்தில் வாங்கிய சிம்மின் எண். ஊருக்குத் திரும்பியதும் அந்த சிம்மைக் கழற்றி ஏதோ மேசையில் போட்டேன், எந்த மேசை என்று இன்று கேட்டால் தெரியாது. பெயரின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்கு விசிறி, சுவிட்ச் போர்டு, கட்டில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது இதற்கும் வைத்தார்களாம். வருடா வருடம் வைத்து, குங்குமம் தடித்துப்போயிருந்தது.

விஷயம் இவ்வளவுதான். வேலையில் சேரும்போது நிரப்புகிற படிவத்தில் உள்ளூர் கார்டியன் என்று ஒரு கட்டம் உண்டு. ஊர்விட்டு ஊர் வந்த பெண்ணுக்கு உள்ளூரில் யார்? படிவத்தை வைத்துக்கொண்டு முழித்த ஏதோ ஒரு பெண் கதவைப் பார்த்தாள், அதிலிருந்த பெயரையும் எண்ணையும் எழுதினாள், உறவு என்ற இடத்தில் அத்தை என்று போட்டாள். அடுத்து வந்தவள் அவள் படிவத்தைப் பார்த்து எழுதினாள். அடுத்தவள் அதைப் பார்த்து. இது வரைக்கும் எனக்குப் புரிந்தது. புரியாதது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது யார்?

கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து என் பழைய எண்ணை என் போனிலேயே அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது குரல். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒருவேளை மணி அடித்து, யாராவது எடுத்து, "ஜெயந்தி பேசறேன்" என்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

புதன்கிழமை வந்தவள் கனகா. அருப்புக்கோட்டைப் பக்கம். இருபது வயது இருக்கும். வட்டத் தாளை வாங்கியவள் எழுதாமல் வெறித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அத்தை வரலைன்னா இதுல எழுத எனக்கு ஆளே இல்ல மேடம்" என்றாள்.

சனிக்கிழமை காலை சென்னையில் அவளுக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு, வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட வேண்டும். லேப் டெக்னீஷியன் படிப்பு. ஒரே நாள், ஒரே தடவை, போகாவிட்டால் இடம் வேறொருத்திக்கு. பயிற்சியில் இருக்கும் பெண்கள் ராத்தங்கலாக வெளியே போக வேண்டுமானால் கார்டியன் நேரில் வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கேட் பாஸ் வாங்கிக் கூட்டிப்போக வேண்டும். கார்டியன் வராவிட்டால் விடுதி அலுவலகம் வீட்டுக்குப் போன் போட்டு அனுமதி கேட்கும்.

"அய்யாவுக்கு இந்தப் படிப்பு விஷயமே தெரியாது மேடம். எங்க மாமாவுக்கு என்னைய பேசி முடிச்சிட்டாக. போன் போச்சுன்னா மறுநாளே பஸ்ஸேறி வந்து பெட்டியக் கட்ட வச்சிருவாக. பத்து நாளா அத்தைக்கு அடிக்கேன், சுவிட்ச் ஆஃப்னே வருது. அவுகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு."

நான்தான் அந்த ஜெயந்தி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. ஆய்வுக்கு வந்தவள் ஆளின் வாழ்க்கையில் கைவைக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, வசதியான விதி. அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனாலும் கேட்டேன், அத்தை எப்படி வருவார் என்று. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில், முட்டி வலி என்பதால் டிரைவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவார் என்றாள். வீடு எங்கே என்று விடுதியில் ஒருத்திக்கும் தெரியாது.

வியாழக்கிழமை வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு ஒரகடம் கூட்டுச் சாலையில் ஷேர் ஆட்டோக்காரர்களைப் பிடித்தேன். முதல் ஆட்டோ, கேள்வி கேட்டு முடிப்பதற்குள் என்னையும் ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டைப் பக்கம் போய்விட்டது. முருகன் கோயிலுக்குத்தான் வந்தேன் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். "இறங்கி ஒரு கும்புடு போட்டுட்டு வாங்கம்மா, நான் வெய்ட் பண்றேன்" என்றார். போட்டேன். சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் வாழையிலைத் துண்டில் சுடச்சுடக் கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே திரும்பி வந்து மறுபடி விசாரித்தேன்.

நான்காவது ஆளுக்குத் தெரிந்திருந்தது. "கண்ணாடி போட்ட அம்மா, முன்னாடி குந்திகினு வருவாங்களே, அவங்களா? அது ஜெயந்தி இல்லம்மா. சரோஜாம்மா. படப்பைல டேங்க் பக்கத்துச் சந்துல வூடு. பாவம், வழுக்கி வுழுந்து படுத்துகினு கீறாங்க."

படப்பையில் வீட்டு மனைகளுக்கு நட்ட கல்லெல்லாம் இப்போது வீடாகிவிட்டது. சந்தின் கடைசியில் பூசாத செங்கல் வீடு. மருமகள் கதவைத் திறந்தாள். தெரிந்தவள் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். "பேசிக்கினு இருங்க, நான் பாப்பாவ ஸ்கூல்லேந்து இட்டாந்துட்றேன்" என்று அவள் கிளம்பிப் போனாள்.

கட்டிலில் அறுபது வயதுக்காரி ஒருத்தி. தொடை எலும்பு முறிந்து, காலுக்கு இருபுறமும் தலையணை முட்டுக்கொடுத்திருந்தது. "அம்மா, என் பேர் ஜெயந்தி" என்றேன்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஆச்சரியமே இல்லை. "வந்துட்டியா?" என்றாள். "நீ கட்டையா குண்டா இருப்பேன்னு நெனச்சேன். நாங்கூட மேடம் மாரி இருக்கணும்னு முடிய இப்டிதான் சீவிகினு போவேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தாள். பிறகுதான் கதை வந்தது. ஏழு வருடத்துக்கு முன் படப்பையில் புது சிம் வாங்கினாள். நான் தூக்கி எறிந்த எண் சும்மா கிடந்து கிடந்து அவளுக்கு வந்து சேர்ந்தது. இரண்டாம் நாளே போன். ஜெயந்தி மேடமா என்று ஒரு பெண் அழுகிறாள். ராங் நம்பர் என்று வைத்தாள். மறுபடி வந்தது, மறுபடி வைத்தாள்.

"நாலாந்தபா அந்தப் பொண்ணு, மேடம், மேடம், இங்க கட்டில்ல ரத்தமா கீது, ஆரும் இல்லன்னு சொல்லிச்சி. நாலு தபா கூப்ட்டா எவளா இருந்தாலும் போவ மாட்டாளா? போனேன். ஆஸ்பத்திரில, நீங்கதான் ஜெயந்தியான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னா வெளிய தள்ளுவான். ஆமான்ட்டேன். அப்பாலிக்கா இல்லன்னு சொல்றதுக்கு நேரமே வர்ல."

"வீட்ல தெரியாதா?"

"வூட்லயா? வல்லக்கோட்டைக்குப் போறேன்னுவேன். மருமவ நம்புவா. இத்தினி தபா போயும் முருகர் ஒன்னும் குடுக்கலியேன்னு சிரிப்பா." விழுந்தபோது போன் உடைந்துவிட்டது. எந்த நேரமும் ராங் காலாக வருகிறது என்று மகன் அந்த சிம்மை ஒடித்துப் போட்டு வேறு எண் வாங்கிக் கொடுத்தானாம். பெண்களின் எண்ணெல்லாம் அந்தப் போனோடு போயிற்று.

கனகாவைப் பற்றிச் சொன்னேன். படுத்தபடியே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "ஐயய்யோ, அந்தப் பொண்ணு படிச்சே ஆவணும்னு ஒத்தக் கால்ல நிக்கும். நாளைக்கா? நான் புரண்டு படுக்கவே ரெண்டு பேர் ஓணும்." என் முகத்தைப் பார்த்தாள். "நீ போ. ஒன் பேர்தானே. ஆனா கையெழுத்து எம்மாதிரி போடணும். செக்யூரிட்டி ஆளு மாறிகினே இருப்பான், கையெழுத்துதான் பாப்பான்."

வட்டத் தாளின் பின்பக்கத்தில் என் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று எனக்கு அவள் சொல்லிக்கொடுத்தாள். "ஜ-வுக்கு வயிறு பெருசா வைக்கணும். த-வ இன்னும் உருட்டு. கடைசில வால இழுத்து வுடு. இன்னும் இழு. நீ பயந்து பயந்து போட்ற." நாற்பது தடவை எழுதியிருப்பேன். மூன்றாவது தாளில்தான் தலையசைத்தாள். அப்போது அவளிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். உங்கள் உள்வட்டத்தில் யார் யார்?

"அந்தப் பொண்ணுங்க பேர எழுதினா ஒன் காயிதம் பத்தாதும்மா" என்றாள் சரோஜா. "ஆனா அதுங்ககிட்ட கேட்டா எம் பேரு வராது. எம் பேரு ஒருத்திக்கும் தெரியாது." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். 

வெள்ளிக்கிழமை மதியம். முடியை அவள் சொன்னபடி சீவி, ஒரு சாதாரணக் காட்டன் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் முழங்கால் மேல் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாட்டிக்கொண்டால் என் வேலை போகும், அதைவிடக் கனகாவின் படிப்பு போகும். கேட்டில் முதல் நாள் பார்த்த செக்யூரிட்டி இல்லை, வேறு ஆள். நல்லதாகப் போயிற்று என்று பதிவேட்டைப் பக்கம் இழுத்துப் பேனாவை எடுத்தேன்.

கடைசி வரியில் ஜெயந்தி என்றிருந்தது. படப்பை. அத்தை. கனகாவைப் பார்க்க. பத்து நிமிடத்துக்கு முந்தைய நேரம். ஜ-வுக்குப் பெரிய வயிறு, கடைசி வால் கோட்டைத் தாண்டி வெளியே.

நேற்று மாலை புரண்டு படுக்க முடியாமல் கிடந்தவள் இங்கே நடந்து வந்துவிட்டாளா? வெயில் மண்டையைப் பிளக்கிறது, எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. கைப்பையில் ஜெயந்தி என்று பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் ஜெயந்தி ஏற்கெனவே உள்ளே போயாகிவிட்டது. ஒரே ஆள் இரண்டு தடவை உள்ளே போக முடியாது.

"இன்னாம்மா, பேர எழுதுங்க" என்றார் செக்யூரிட்டி.

சரோஜா என்று எழுதினேன்.

"யாரப் பாக்கணும்?"

"ஜெயந்தியை" என்றேன்.

அவர் உள்ளே பார்த்து, "ஜெயந்தியம்மா! உங்களத் தேடி ஆள் வந்துகீது!" என்று கத்தினார். என் பெயரைக் கூப்பிட்டதும் என்னை அறியாமல் "ம்" என்றுவிட்டேன்.

முற்றத்தைக் கடந்து இரண்டு பேர் வந்தார்கள். தோளில் பையோடு கனகா. பக்கத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, வயதுக்குப் பொருந்தாத புடவை, காது மேல் முடியில் பவுடர் தடவியிருந்தாள், பவர் இல்லாத வெறும் கண்ணாடி. கனகா என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பெண் மட்டும் முன்னால் வந்தாள். "நான்தான் ஜெயந்தி. இன்னா விஷயம்?" குரல் திடமாக இருந்தது. கையில் கேட் பாஸ்.

"ஒன்றுமில்லை, வெளியே போய்ப் பேசலாம்" என்றேன். செக்யூரிட்டி பாஸை வாங்கிப் பார்த்து, கையெழுத்தை ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தினார். கனகா கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எதிர் டீக்கடை மறைவுக்குப் போனதும் அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மேடம், மாட்டி வுட்றாதீங்க. எம் பேரு அமுதா. இவ இப்ப கீற ரூம்லதான் முன்னாடி நாலு வருஷம் இருந்தேன், இப்ப கல்யாணமாயி ஒரகடத்துல கீறேன். எனக்கு அம்மை போட்டப்ப ஜெயந்தி அத்தைதான் வந்து ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயி, கூடவே இருந்து வேப்பில வச்சிப் பாத்துகினாங்க. அவங்க போன் எடுக்கல, இந்தப் பொண்ணு எனக்கு அடிச்சி அழுவுது. என் பழைய கேட் பாஸ்ல அத்தை கையெழுத்து இருந்திச்சி. நேத்து பூரா அதப் பாத்து எழுதிப் பழகினேன்."

நேற்று பூரா. படப்பையில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் முதல் விதி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது. முப்பது வருடத்தில் ஒரு பெயரைக்கூட நான் வெளியே விட்டதில்லை. டீக்கடை ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டேங்க் பக்கத்துச் சந்து, பூசாத செங்கல் வீடு, முறிந்த தொடை எலும்பு, புது போன் எண். கோயிலில் பழக்கம் என்று மருமகளிடம் சொல்லச் சொன்னேன். கடைசியாக அவள் பெயரையும் சொன்னேன்.

"அத்தை பேரு சரோஜாவா?" என்றாள் அமுதா. கனகா அந்தப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அமுதா நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதாள். சென்னைக்குப் போகும் வழிதானே படப்பை, இப்போதே போய்ப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆட்டோவுக்குக் கை காட்டப் போன அமுதா திரும்பினாள்.

"அப்ப ஜெயந்தின்றது ஆரு மேடம்?"

"நான்தான்" என்றேன். அவள் நம்பவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஒரு விரலால் என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெஜமாவே கீறீங்களா?" என்றாள். கொஞ்சம் கழித்து அவள் குரல் மாறிவிட்டது. "அந்த நம்பரு உங்களுதுதானே மேடம். எத்தினி பொண்ணுங்க அழுதுகினே அடிச்சிருக்கும். நீங்க எங்க இருந்தீங்க?"

சொல்வதற்குச் சமாதானம் நிறைய இருந்தது. கனகாவும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஊர்ல இருந்தேம்மா" என்றேன். "இந்த ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு இங்கே யாருமே இல்லைன்னு ஒரு கட்டுரை எழுதிக்கிட்டு இருந்தேன்."